வரி வரியாக ஒரு வானம்

இன்னொரு தரம் யாராவது என்னிடம் வந்து, இதையெல்லாம் மொபைலில் டவுன்லோட் பண்ணினால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுமே என்று சொன்னால், கையில் இருக்கிற மவுஸைத் தூக்கி மண்டையிலேயே போட்டுவிடுவேன். வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. காலையில்கூட இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாரே மனுஷன், "ஒரு பழைய வீடியோ கேம் படத்துக்காடி பொற்கொடி இந்தப் பாடு?" என்று. எனக்குத் தெரியாதா? பாலிடெக்னிக்கில் இத்தனை வருஷமாக டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவளுக்கு டவுன்லோட் பண்ணத் தெரியாதா? பண்ணினால் வரும். ஆனால் ஓடும். ஓடுகிற படம் அரசுக்கு ஆகாது. இதோ பக்கத்து நாற்காலியில், மூக்கு மானிட்டரில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறானே என் தம்பி இளவரசு, அவனுக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி நடுவில் ஓர் ஓட்டைதான் மிச்சம். ஓட்டை வழியாகப் பார்க்கிறவனுக்கு எதிரே ஒன்று துள்ளினால், அவன் தேடிப் போவதற்குள் அது வேறெங்கோ போயிருக்கும். "உளுந்தவடை ஓட்டை வழியா ஊரைப் பாக்குறேன்க்கா" என்பான் சிரித்துக்கொண்டே. எனக்குத்தான் எரிச்சலாக வரும், இதில் என்னடா சிரிப்பு என்று. என் சிப் அப்படி ஓடாது. என் சிப் என்று வாய் சொல்கிறது, எடுத்துக் காட்டு என்றால் எங்கே போவேன்? அந்தக் காலத்து டிவி கேமுக்குள் படம் வரைவதற்கென்று ஒரு சிப் இருக்குமே, அதுமாதிரி ஒன்றை ஒவ்வொரு கம்பியாக, கம்பிகள் கூடுகிற ஒவ்வொரு லாஜிக் கேட்டாக யோசித்து எழுதிக் கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இந்தக் கம்பியில் கரண்ட் இருக்கா இல்லையா, அடுத்ததில் இருக்கா இல்லையா என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகப் பாவனை பண்ணிப் பார்த்துத்தான் நகரும். சிமுலேஷன். நிஜச் சிப் கண்ணை மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுகிற ஒரு படத்துக்கு இதற்கு ஒரு முழு மத்தியானம் வேண்டும். மேலே ஒரு வரி வரும், அப்புறம் அடுத்த வரி. வந்த வரி அப்படியே நிற்கும். அரசு தன் வடை ஓட்டையை அதன்மேல் கொண்டுபோய் வைத்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், எதுவும் அவனை விட்டுவிட்டு ஓடாது. இதை வீட்டுக்காரரிடம் ஒருநாள் பொறுமையாகச் சொன்னேன். அப்போ ஒரு போட்டோவை மாட்டிவிடேன், அதுவும் நிற்குமே என்றார். அன்றைக்கு ரசத்தில் நான் உப்பே போடவில்லை.

டிக். சத்தம் வந்துவிட்டது, மேல் ஓரம் ஆரம்பித்துவிட்டது. இன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கலர். இதுவரைக்கும் வந்ததெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டம், கோடு, ஒரு தடவை அவன் பெயர். சாப்பிட்ட கையோடு அமுதா ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள், அவன் சம்சாரம், "பொழுது சாய வந்து கூட்டிக்கிறேன் மதினி" என்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்கிற அதே பேச்சு. மகராசன் இன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு, தலையை வழித்து வாரி, கல்யாணத்துக்குக் கிளம்பினவன் மாதிரி வந்திருக்கிறான். "என்னடா வேஷம் இது?" என்றேன். "கலர்ல பாக்கப் போறோம்லக்கா" என்றான். ஒன்றும் வராமல் போய்விட்டால்? சுற்றிலும் கொஞ்சம் கறுப்புப் பட்டை விட்டிருக்கிறேன், பழைய டிவியில் ஓரம் மறைந்துபோகும் என்று அந்தக் காலத்துச் சிப் எல்லாம் அப்படித்தான் விடும். அது முடிந்தால் வானம். இந்த டிக் நான் எனக்காக வைத்தது. சில வரி முடிந்தால் ஒரு டிக், அடுப்படியில் நின்றாலும் படம் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று தெரியவேண்டுமே. படத்தைச் சொன்னது அவன். கட்டம் போட்ட தாளில் நான் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார, அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான், வானம் நிறைய வேணும்க்கா, அதுல ஒரு மேகம், அப்புறம் மரம், ஓட்டு வீடு, வீட்டுக்கு முன்னாடி தொப்பி போட்ட மனுசன். எது எத்தனையாவது டிக்கில் வரும் என்று எனக்கே மறந்துபோகிறது, அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். டிக். வானத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டான். அந்த நீலம் வேண்டும் என்றான். எந்த நீலம் என்று நான் கேட்கவே இல்லை. வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் முன்வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்திருந்தார். கேசட்டைச் சொருகினால் திரை முழுக்க ஒரு நீலம் வரும், அதில் ஒரு குட்டி மனுசன் குதிப்பான். காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்த மனுசனைப் பார்க்கும். அரசு நீலத்தைப் பார்ப்பான். பொழுது சாய்ந்தால் அவனுக்கு மற்றதெல்லாம் போய்விடும், வாசல்படி போய்விடும், செருப்பு போய்விடும், என் முகம் போய்விடும், அந்தச் சதுரம் ஒன்றுதான் நிற்கும், அதனால் அதை விட்டு எழுந்திருக்கவே மாட்டான். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவேன். "மாலக்கண்ணு, மாலக்கண்ணு" என்று பின்னாலேயே கத்துவார்கள் குரங்குகள். அம்மா பொன்னாங்கண்ணிக் கீரையாக ஆக்கிப்போட்டாள், ஈரல் வாங்கிப்போட்டாள், கேரட்டைத் துருவித் துருவி அவள் விரல்தான் தேய்ந்தது.

டிக். கறுப்புப் பட்டை முடியப் போகிறது. அந்த நீலத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் போட்ட கணக்கில் சிப்புக்குக் கொஞ்சம் கலர்தான் தெரியும், அதில் இரண்டு நீலம், ஒன்று ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி, ஒன்று பாத்ரூம் டைல்ஸ் மாதிரி. இரண்டும் அது இல்லை. கலர் எடுத்துக் கொடுக்கிற பகுதியையே பிரித்துப்போட்டு மறுபடி கட்டினேன். மழைக்காலம் முழுக்க அதற்கே போய்விட்டது. அவன் ஒவ்வொரு வாரமும் கேட்பான், "முடிஞ்சிருச்சாக்கா?" என்று, நானும் ஒவ்வொரு வாரமும், "பொறுடா, அவசரப்படாதே" என்று. இதோ. இதோ வருகிறது முதல் வரி, இடது ஓரத்திலிருந்து, புள்ளி, பக்கத்தில் புள்ளி. அய்யோ. அய்யய்யோ. செங்காமட்டைக் கலர்! செங்கல்லைப் பொடித்துக் கொட்டின மாதிரி இழுத்துக்கொண்டு போகிறதே வரி. எங்கே என் நீலம்? சிவப்பும் நீலமும் இடம் மாறிப்போச்சு. வெளியே வருகிற இடத்தில் இந்தக் கம்பியை அங்கேயும் அந்தக் கம்பியை இங்கேயும் கொடுத்திருக்கிறேன், அடிப்பாவி. முதல் வருஷப் பிள்ளைகள் பண்ணுகிற தப்பு இது, பண்ணினால் ரெக்கார்டு நோட்டைத் தூக்கி எறிகிறவள் நான். கை தானாக மவுஸுக்குப் போகிறது. நிறுத்தினால் மறுபடி மேலே கறுப்புப் பட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இருட்டுவதற்குள் மேகம்கூட வராது, இஸ்திரிச் சட்டை போட்டு வந்தவனை என்ன சொல்லி அனுப்ப? சொல்லிவிடலாம். டேய், அக்கா சொதப்பிட்டேன்டா, வானம் செவப்பா வருது என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான், வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவான். வாயைத் திறக்கிறேன். அவன் முந்திக்கொண்டான். "வந்துருச்சுக்கா" என்றான். "என்னடா?" "நீலம். அந்த நீலம்."

என்ன சொன்னான் இப்போது? நீலம் என்றா சொன்னான்? இரு, பொற்கொடி, பதறாதே. திரையில் என்ன இருக்கிறது, செங்காமட்டை. எனக்குத்தான் கண் கோளாறா? சட்டென்று ஜன்னல் பக்கம் பார்க்கிறேன், எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கறுப்பு, கொடியில் கிடக்கிற துண்டு பச்சை, எனக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் சொன்னார்களே, இந்தக் கோளாறில் நீலம் கலங்கும், நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் போய்விடும் என்று, அதுதான், அதேதான். ஆனால் சிவப்புமா நீலமாகும்? அப்படிச் சொல்லவில்லையே. சொல்லியிருப்பார்கள், நான் கவனித்திருக்க மாட்டேன். இல்லை, அவன் விளையாடுகிறான், என்னைச் சீண்டுகிறான், கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ஏன்க்கா வானத்துக்குக் காவி அடிச்சுவச்சிருக்க என்பான். டிக். சொல்லவில்லை. டிக். "கலர் சரியா இருக்காடா?" என்கிறேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. தலையைக் கொஞ்சம் சாய்க்கிறான், கண்ணைச் சுருக்குகிறான். "சரியாத்தான் இருக்கு. லேசா அடர்த்தியா இருக்குக்கா, ஆனா அழகா இருக்கு" என்கிறான். அடர்த்தி என்கிறானே. பார்க்காமல் ஒருத்தன் அடர்த்தி என்று சொல்வானா? பார்க்கிறவன்தான் சொல்வான். மழை ஆரம்பித்த சமயம், கறுப்பு வெள்ளையில் அவன் பெயர் வந்தபோது, 'ள'வின் கடைசிக் காலில் ஒரு புள்ளி காணாமல் போயிருந்தது. எனக்குத் தெரியவில்லை. இவன்தான் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, "அக்கா, இங்க ஒரு புள்ளி தின்னுட்டியே" என்றான். தேடினால் கணக்கு எண்ணுகிற பகுதியில் ஒன்று குறைவாக எண்ணிக்கொண்டிருக்கிறது சனியன். நான் கட்டினதை என்னைவிட நன்றாகப் பார்த்தவன் அவன். அந்தக் கண்ணுக்கா முழு வானம் சிவப்பாக இருப்பது தெரியவில்லை? டிக்.

பிள்ளைகளுக்கு ஒன்று புரியவைக்க நான் வருஷாவருஷம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துவேன். சிமுலேஷன் தொடங்கும்போது கம்பியில் இருப்பது பூஜ்யமும் இல்லை, ஒன்றும் இல்லை, தெரியாது. தெரியாது என்பதே அங்கே ஒரு மதிப்பு, அதற்கென்று தனியாக ஓர் அடையாளம் காட்டும். அதை ஆரம்பத்திலேயே ஒழுங்கு பண்ணாமல் விட்டால் அது போய்ச் சேருகிற இடமெல்லாம் தெரியாது ஆகும், கடைசியில் சிப் முழுக்கத் தெரியாது. "அப்ப பூஜ்யம்னு வச்சுக்கலாமே மேடம்" என்று ஒருத்தன் கேட்பான், எல்லா வருஷமும் ஒருத்தன் கேட்பான். நீயா வச்சுக்க முடியாதுடா, கேட்டுத்தான் ஆகணும் என்பேன். இப்போது கேட்க வேண்டியதுதானே? அரசு, உனக்குக் கண்ணு தெரியுதாடா? நாலு வார்த்தை. கேட்க மாட்டேன். தெரியாது என்று இருக்கிறவரைக்கும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம், அந்தப் பயல் சொன்ன மாதிரி. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தாளில் எங்கள் குடும்பத்தைப் போட்டுக் காட்டினாள். ஆம்பளைக்குச் சதுரம், பொம்பளைக்கு வட்டம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மட்டும் இரட்டைக் கோடு. "சொந்தத்துல கல்யாணமாம்மா?" என்றாள். தாய்மாமன் என்றேன். அம்மாவை அவளுடைய மாமாவுக்கே கட்டிவைத்தார்கள், பிள்ளை வெளியே போகக் கூடாது என்று. கீழே ஒரு வட்டம் வெள்ளையாக இருந்தது, அது நான். பக்கத்துச் சதுரம் அரசு, நோய் இருக்கிறவன் என்று அதைப் பேனாவால் அடைத்தாள். அடைத்துக்கொண்டே இருந்தாள், ஓரம்கூட விடாமல். ஒரே வயிறு, ஒரே இரட்டைக் கோடு, என்னை ஏன் வெள்ளையாக விட்டது என்று யாரைப் போய்க் கேட்பது? மருந்து இல்லை என்று அந்த அம்மா நல்லவிதமாகத்தான் சொன்னாள், எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றும் சொன்னாள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதுதான் இந்தச் சிப் என் தலையில் ஏறியது. இதை நான் கட்டி முடிக்கிறவரைக்கும் அவன் கண் போகாது என்று ஒரு வேண்டுதல் மாதிரி உள்ளே விழுந்துவிட்டது, எந்தச் சாமியும் கேட்கவில்லை, நானாகப் போட்டுக்கொண்டது. அப்புறம் என்ன செய்வேன்? முடிக்காமல் இழுத்தேன். திரை நகர ஒரு பகுதி, பின்னணிக்கு இன்னோர் அடுக்கு, அந்த நீலத்துக்கு ஒரு மழைக்காலம். முடிக்காவிட்டால் அவன் கண் இருக்கும். அவன் கண் என் வேண்டுதலுக்காகக் காத்துக்கொண்டு இருக்குமாக்கும். முட்டாள், முட்டாள், படித்த முட்டாள்.

டிக். "மேகம் வருதுக்கா" என்கிறான். ஆமாம், மேகம்தான். வெள்ளையாக, வயிறு உப்பலாக, சிவப்பு வானத்தில் ஒரு வெள்ளை மேகம், அவன் சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்தில். அப்பாடா! தெரிகிறது, அவனுக்குத் தெரிகிறது! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, இதுக்குப் போய் இந்த ஆட்டம் ஆடினேனே. வெள்ளை தெரிகிறது, கலர்தான் போய்விட்டது, போகட்டுமே, கலரைக் கொண்டு என்ன செய்வது, உருவம் தெரிந்தால் போதாதா? அமுதா முகம் தெரிந்தால் போதாதா? "சூப்பரா வந்துருக்குல்ல?" என்கிறேன். "ம்" என்கிறான், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். நான் அவனைப் பார்க்கிறேன். காது பக்கம் நரைத்துவிட்டது. நான்தான் அக்கா, எனக்குச் சாயம் அடித்துக்கொள்ளத் தெரியும். இஸ்திரி மடிப்பு, முழங்காலின் மேல் வைத்திருக்கிற கை. டிக். அந்தக் கையில் கட்டைவிரல் நகர்ந்தது. சுண்டுவிரலின் அடிக் கணுவில் இருந்தது நடுக் கணுவுக்கு வந்து நிற்கிறது. ஏதோ அரிப்பு. டிக். மேல் கணு. அடுத்த டிக்குக்காக நானும் காத்திருக்கிறேன், அவன் கட்டைவிரலும் காத்திருக்கிறது. கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் எண்ணும்போது இப்படித்தான் எண்ணுவான், வண்டிக் கம்பெனி கவுண்டரில் நின்ற நாளில், ஒரு கையிலேயே டஜனை முடிப்பான். டிக். மோதிர விரலின் அடிக் கணு. எண்ணுகிறான். மேகத்தை அவன் பார்க்கவில்லை. எண்ணினான்.

இல்லை, எண்ணினால் என்ன? கண் தெரிகிறவன் எண்ணக் கூடாதா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு நான் ஸ்டாப்பிங் எண்ணுவதில்லையா, வெளியே எல்லாம் தெரியத்தானே செய்கிறது. அவன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நடுக் கணு, மேல் கணு, அந்தக் கட்டைவிரல் ஏதாவது ஒரு டிக்கைத் தவறவிடாதா, தவறவிட்டு அப்படியும் சரியாகச் சொல்லமாட்டானா என்று. தவறவிடவில்லை. மேகம் முடிந்திருக்கும், வானம் கொஞ்சம் போயிருக்கும், எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தேனோ தெரியாது. ஃபேன் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் பழசு, அதன் வயிற்றுக்குள்ளும் ஒரு ஃபேன் உறுமிக்கொண்டிருக்கிறது. கீழே யாரோ தண்ணீர் வண்டிக்குக் குடம் வைக்கிறார்கள். டிக். "இப்ப மரம்" என்கிறான் அரசு. "உச்சிக் கிளை வருது பாருக்கா." நான் நிமிர்ந்து திரையைப் பார்க்கிறேன். திரையில் மரம் இல்லை. மேகம் இல்லை, சிவப்பு இல்லை, வானமே இல்லை. திரை அணைந்து கிடக்கிறது. கறுப்புக் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகம் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது, அவன் முகம் ரொம்பக் கிட்டத்தில். வீட்டுக்காரர் வைத்த ஏற்பாடு, கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடாவிட்டால் மானிட்டர் தானாகத் தூங்கிப்போகும். மற்ற ஞாயிறுகளில் நான் நடுநடுவே மவுஸை ஆட்டிவிட்டுக்கொண்டே இருப்பேன். இன்றைக்கு விரலைப் பார்த்ததில் மறந்துவிட்டேன். சிமுலேஷன் அதுபாட்டுக்கு ஓடுகிறது, சத்தம் அதுபாட்டுக்கு வருகிறது. அவன் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

மவுஸ் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. லேசாகத் தட்டினால் போதும், மரம் வந்துவிடும், அவன் சொன்னது சரியாகிவிடும். தட்டினால் மானிட்டர் 'க்ளிக்' என்று சத்தம் போட்டுத்தான் விழிக்கும், இவ்வளவு நேரம் அணைந்திருந்தது என்று அவனுக்குத் தெரிந்துபோகும், அவன் பார்க்கவில்லை என்று நான் கண்டுபிடித்துவிட்டதும் தெரிந்துபோகும். கையை மடியில் வைத்துக்கொண்டேன். "ஆமாடா, மரம்தான்" என்கிறேன். என் குரல்தானா அது, எவ்வளவு நன்றாக வருகிறது. அவன் கண் எப்போது போனது? 'ள'வில் புள்ளியைக் கண்டுபிடித்தானே, அதற்கும் இதற்கும் நடுவில், எந்த வாரத்தில்? நான் பாத்ரூம் டைல்ஸ் நீலமா யூனிபார்ம் நீலமா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேனே, அந்த வாரமா? காலையில் எழுந்து முகம் கழுவப் போனவன் அப்படியே நின்றிருப்பானா? யாரிடம் சொன்னான்? யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கிளம்பி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான், அக்கா எதையோ கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று. எனக்குக் கோபமாக வருகிறது. ஏன்டா, என்னிடமா மறைக்கிறாய்? இருட்டில் உன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவளிடமா? ஓங்கி ஒன்று விடலாமா என்றுகூட இருக்கிறது, கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தலாமா என்றும் இருக்கிறது. இரண்டையும் செய்யாமல் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டிக். "ஓடு வந்துருச்சு." "ஆமாடா." டிக். "செவரு." "ம்." டிக். டிக். "தொப்பிக்காரர் வந்துட்டாருக்கா." அப்புறம் மூக்கைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனான், பழையபடி, 'ள'வைப் பார்த்த அன்றைக்கு மாதிரியே. "அக்கா, கோவிச்சுக்காத. தொப்பியில ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு. இடது பக்கம்."

ஒரு புள்ளி. அணைந்த திரையில் ஒரு புள்ளி குறைகிறதாம். யோசித்து வைத்திருந்திருக்கிறான், வீட்டிலிருந்து வரும்போதே, ஆட்டோவில் வரும்போதே, ஒரு குறையாவது சொன்னால்தான் அக்கா நம்புவாள் என்று. இருமினேன். "எங்கடா?" என்று நானும் குனிந்தேன், கறுப்பில் என் கண்ணே என்னை முறைத்தது. "அட ஆமாடா. நீ சொல்லலேன்னா கவனிச்சிருக்கவே மாட்டேன். சரி பண்ணிடுறேன்." அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை என்னால் பார்க்க முடியவில்லை. படம் முடிந்ததற்கு வைத்திருந்த நீளச் சத்தம் வந்தது. "முடிஞ்சிருச்சு" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அவன் சோம்பல் முறிக்க நாற்காலி கிரீச்சிட்டது, அந்தச் சத்தத்துக்குள் மவுஸை நகர்த்தினேன். திரை விழித்தது. முழுசாக வந்திருக்கிறது. ஒரு வரி பிசகவில்லை. சிவப்பு வானம், வெள்ளை மேகம், பச்சை மரம், ஓடு மட்டும் நீலமாக, தொப்பிக்காரன் முழுத் தொப்பியோடு, ஒரு புள்ளி குறையாமல் நிற்கிறான். இத்தனை நாள் கட்டினது வேலை செய்கிறது. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. பார்க்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். "அடுத்து என்னக்கா செய்யப் போற?" என்றான். "அந்த ஆளை நடக்கவைக்கணும்." "அதுக்குப் படம் நிறைய வேணும்ல? எல்லாம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை ஆகும்." "ஆகும்டா. ரொம்ப நாள் ஆகும்." "மெதுவா செய்யி. நான் வர்றேன்" என்றான்.

அமுதா வந்து கதவைத் தட்டினாள். "எப்படி இருந்துச்சு கலரு?" என்று அவனைத்தான் கேட்டாள். "நீ பாக்கணும்டி, அப்படியே அந்த நீலம்" என்றான் அவன். அமுதா எட்டித் திரையைப் பார்த்தாள். சிவப்பு வானம் அவ்வளவு பெரிசாக நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கும் இப்போதுதானா, இல்லை முன்னாலேயே தெரியுமா என்று நான் கேட்கவில்லை. "ஆமா, நல்லாருக்குங்க" என்றாள். அவன் எழுந்து கதவுக்குக் கை நீட்டினான், கை சுவரில் பட்டது. நான் பிடித்துத் திருப்பிவிட்டேன். "இருட்டிருச்சுல்லக்கா, அதான்" என்றான். வெளியே வெயில் இன்னும் மாடிப்படியில் கிடந்தது. ஆட்டோ போகிறவரைக்கும் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தேன். தப்பைத் தெரிந்துகொண்டே விட்டுவைக்க எனக்கு வராது. சிவப்புக் கம்பியையும் நீலக் கம்பியையும் மாற்றிக் கொடுத்தேன், இரண்டு வரி, அவ்வளவுதான் வேலை. அடுத்த ஞாயிறு வானம் நீலமாக வரும். தொப்பி சரியாகிவிட்டது என்று அவன் சொல்வான், நானும் ஆமாம் என்பேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு முடிஞ்சுதா?" என்றார். இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன். டிக் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.